வியாழன் எப்படி உருவானது? ஒரே கேள்விக்கு சூப்பர் கம்ப்யூட்டர்கள் சொன்ன இரண்டு பதில்கள்

நவதிருப்பதி டூர் போனவர்களுக்குத் தெரியும்: தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஒன்பது பெருமாள் கோயில்களும் ஒன்பது கிரகங்களுக்கு உரியவை. நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரி, அதில் குரு ஸ்தலம். குரு என்றால் வியாழன். சூரியனை ஒருமுறை சுற்றிவர வியாழனுக்கு ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும். அதனால்தான் ஒரு ராசியில் சுமார் ஓர் ஆண்டு இருக்கிறது, வருஷா வருஷம் குருப்பெயர்ச்சியும் வருகிறது.

சரி, பூமியைப் போல 318 மடங்கு நிறை கொண்ட இந்தக் கிரகம் எப்படி உருவானது? 2019-ல் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் ஆய்வு ஒரு பதில் சொன்னது. 2025-ல் இன்னோர் ஆய்வு, 'அப்படி நடந்திருக்க வாய்ப்பில்லை' என்றது. இரண்டுமே முன்னணி அறிவியல் இதழ்களில் வெளியானவை. அப்படியென்றால் எதை நம்புவது? இதே கேள்வி 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழைக்கும் பொருந்தும். எப்படி என்று பார்க்கலாம்.

கம்ப்யூட்டரில் ஏன் செய்ய வேண்டும்?

விண்மீன்கள், வாயுவும் தூசியும் கலந்த பிரமாண்டமான மேகங்களில் பிறக்கின்றன. மேகத்தின் ஒரு பகுதி தன் ஈர்ப்பினாலேயே சுருங்கும். நடுவில் விண்மீன் உருவாகும். மிச்சம் இருக்கும் வாயுவும் தூசியும் அதைச் சுற்றித் தட்டு போலச் சுழலும். அந்தத் தட்டில்தான் கிரகங்கள் உருவாகின்றன. இதெல்லாம் நடந்து முடிய லட்சக்கணக்கான, சில நேரம் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். உட்கார்ந்து பார்க்க யாருக்கும் ஆயுள் போதாது.

டெலஸ்கோப் காட்டுவது ஒரே ஒரு காட்சியைத்தான். 2014-ல் சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கி, எச்.எல். டௌரி என்ற இளம் விண்மீனைச் சுற்றியிருந்த தட்டைப் படம் பிடித்தது. அதில் வளையம் வளையமாக இடைவெளிகள் இருந்தன. அந்த இடைவெளிகளை உருவாக்கியது கிரகங்களா, வேறு ஏதாவதா? படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரு கதையை எடுத்துக்கொண்டு, இயற்பியல் விதிகளின்படி ஓடவிட்டு, கடைசியில் இதே படம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் சிமுலேஷன்.

உள்ளே என்ன நடக்கிறது?

மேகத்தை லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அடர்த்தி, வெப்பம், வேகம், காந்தப்புலம் என்று எண்கள் கொடுக்கிறார்கள். பக்கத்துக் கட்டங்களால் இந்த எண்கள் எப்படி மாறும் என்று கணக்குப் போட்டு, காலத்தைக் கொஞ்சம் முன்னே நகர்த்துகிறார்கள். மறுபடியும் அதே கணக்கு. இப்படிக் கோடிக்கணக்கான முறை. கட்டங்களுக்குப் பதிலாகத் துகள்களை வைத்தும் இதைச் செய்வார்கள்.

1969-ல் ரிச்சர்ட் லார்சன், ஒரு வாயு உருண்டை சுருங்கி விண்மீனாவதைக் கணினியில் கணக்கிட்டார். அப்போதைய வசதிக்கு, மேகம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கும் என்று எளிமைப்படுத்த வேண்டியிருந்தது. 2003-ல் பிரிட்டனின் மேத்யூ பேட் குழு, 50 சூரியன்களின் நிறை கொண்ட மேகத்தை முப்பரிமாணத்தில் ஓட்டிப் பார்த்தது. அதற்குச் சுமார் 1 லட்சம் பிராசஸர் மணிநேரம் ஆனது. ஒரே ஒரு பிராசஸரில் ஓட்டியிருந்தால் 11 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும்!

2021-ல் வந்த ஸ்டார்ஃபோர்ஜ் சிமுலேஷன் முக்கியமான ஒரு விஷயத்தைக் காட்டியது. பிறக்கும் விண்மீன்கள் தங்கள் துருவங்களில் இருந்து வாயுவை வேகமாகப் பீய்ச்சி அடிக்கும். இந்தப் பீய்ச்சலைக் கணக்கில் சேர்க்காவிட்டால், சிமுலேஷனில் உருவாகும் விண்மீன்கள் நிஜத்தில் இருப்பதைவிட ரொம்பப் பெரிதாக வந்தன. சேர்த்ததும் அளவு சரியானது. ஆக, கணக்கில் எதை விடுகிறோம் என்பது விடையையே மாற்றிவிடும்.

இந்தத் துறையில் ஒரு தமிழரின் பங்கும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர், 1953-ல் என்ரிகோ ஃபெர்மியுடன் சேர்ந்து, விண்வெளி வாயுவில் காந்தப்புலம் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று கணிக்க ஒரு வழி சொன்னார். விண்மீன் பிறக்கும் மேகங்களின் காந்தப்புலத்தை அளக்க இன்றைக்கும் அந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

சிமுலேஷன் ஜெயித்த இடம்

தூசி ஒன்றோடொன்று ஒட்டும், கட்டில் அடியில் சேரும் தூசி உருண்டை மாதிரி. ஆனால் கூழாங்கல் அளவுக்கு வந்ததும் சிக்கல். மோதினால் ஒட்டாது, தெறித்து ஓடும் அல்லது உடையும். ஒரு மீட்டர் அளவுக்கு வளர்ந்தாலும் வாயுவின் எதிர்ப்பில் வேகம் இழந்து விண்மீனுக்குள் போய் விழும். அப்புறம் கிரகம் எப்படி உருவாகும்?

2007-ல் ஆண்டர்ஸ் யொஹான்சன் குழுவின் சிமுலேஷன் ஒரு வழி காட்டியது. கற்கள் ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டியதில்லை. வாயுவின் ஓட்டத்தில் அவை கூட்டம் கூட்டமாகச் சேரும். கூட்டம் அடர்த்தியானதும் தன் ஈர்ப்பிலேயே மொத்தமாகச் சுருங்கிவிடும். இது கம்ப்யூட்டருக்குள் மட்டும் நடக்கிற கதையா? 2019 ஜனவரி 1 அன்று நாசாவின் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம், நெப்டியூனுக்கு அப்பால் இருக்கும் அரோகாத் என்ற சிறு பொருளைக் கடந்து சென்றது. இரண்டு உருண்டைகள் மெதுவாக வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது அது. பெரிய மோதலின் தடயமே இல்லை. 'கூட்டமாகச் சுருங்குதல்' என்ற விளக்கத்துக்கு இது வலுவான ஆதரவானது.

முட்டிக்கொண்ட இடம்: வியாழனின் மையம்

2016-ல் வியாழனைச் சென்றடைந்த ஜூனோ விண்கலம், அதன் ஈர்ப்பை நுட்பமாக அளந்தது. வியாழனின் நடுவில் கெட்டியான, தனியான ஒரு மையம் இருக்கும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் கனமான பொருட்கள் மையத்தில் குவியாமல், ஹைட்ரஜனோடு கலந்து வெகுதூரம் பரவியிருப்பதாக அளவீடுகள் காட்டின. எல்லைக்கோடு இல்லாத, கரைந்துபோன மையம்.

2019-ல் நேச்சர் இதழில் வந்த சிமுலேஷன் ஒரு விளக்கம் தந்தது: வியாழன் இளமையாக இருந்தபோது, பூமியைப் போல சுமார் 10 மடங்கு நிறை கொண்ட ஒரு கிரகக் கரு நேருக்கு நேர் மோதி, மையத்தைக் கலக்கிவிட்டது. கேட்கவே பரபரப்பாக இருந்ததால் உலகம் முழுக்க செய்தியானது.

2025-ல் பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகம் தலைமையிலான குழு, இதே மோதலை வேறு சாஃப்ட்வேரில், காஸ்மா என்ற சூப்பர் கம்ப்யூட்டரில் ஓட்டியது. பொருட்கள் ஒன்றோடொன்று கலப்பதை இன்னும் சரியாகக் கையாளும் புதிய முறையையும் சேர்த்தது. மோதலில் மையம் கலங்கியது உண்மை. ஆனால் கனமான பொருட்கள் சீக்கிரமே மறுபடியும் அடியில் தங்கிவிட்டன, ஆற்று நீரில் மணல் படிவது மாதிரி. எவ்வளவு வலுவாக மோதவிட்டாலும் கரைந்த மையம் வரவில்லை. வியாழன் வளரும்போதே கனமான, லேசான பொருட்களைச் சேர்ந்தே விழுங்கியதால் இது மெதுவாக உருவாகியிருக்கலாம் என்கிறது இந்தக் குழு. இன்னொரு ஆதாரம் சனி. அதன் மையமும் இப்படிக் கரைந்திருப்பதாக காசினி விண்கலத்தின் தரவுகள் சொல்கின்றன. இரண்டு கிரகத்துக்கும் அதே மாதிரி அபூர்வ விபத்து நடந்தது என்பதை ஏற்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

அப்போ எதை நம்புவது?

இரண்டு குழுக்களுக்கும் இயற்பியல் விதிகள் ஒன்றுதான். கட்டத்தைவிடச் சின்னதாக நடக்கும் விஷயங்களை, குறிப்பாகக் கலப்பதை, எப்படிக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. எனவே 'சூப்பர் கம்ப்யூட்டர் நிரூபித்தது' என்று தலைப்பு பார்த்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதை எளிமைப்படுத்தினார்கள்? வேறு குழு, வேறு சாஃப்ட்வேரில் ஓட்டினால் அதே விடை வருகிறதா? நேரில் அளந்ததோடு பொருந்துகிறதா? அரோகாத் விஷயத்தில் மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தது. வியாழன் மோதல் கதை இரண்டாவதிலேயே தடுக்கிவிட்டது.

இந்தக் கேள்விகளைக் கேட்க நம்மிடமும் கம்ப்யூட்டர் வேண்டும் இல்லையா? 2015-ல் 4,500 கோடி ரூபாயில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டம் தொடங்கியது. அதில் திருச்சி என்.ஐ.டி.க்கு 2022-ல் வந்தது 'பரம் பொருள்'. நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் இதன் திறன். உலகின் முதலிடத்துக்கு 2024-ல் வந்த அமெரிக்காவின் எல் கேப்பிட்டன், இதைவிடச் சுமார் 2,000 மடங்கு வேகம். அதே 2024-ல் புனே, டெல்லி, கொல்கத்தாவில் 'பரம் ருத்ரா' கணினிகள் தொடங்கப்பட்டன. புனேயில் இருப்பது வானியல் ஆய்வுக்கு.

தாமிரபரணி மேல் நின்ற மேகம்

விண்மீன் மேகத்துக்குப் போடும் அதே கட்டக் கணக்குதான் மழை மேகத்துக்கும். 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்து ஊரான ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தில் சிக்கினார்கள். எச்சரிக்கை போதவில்லை என்றது மாநில அரசு. முன்கூட்டியே சொல்லிவிட்டோம் என்றது மத்திய அரசு.

அரசியலை விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள். காயல்பட்டினத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையே 10 கிலோமீட்டர்கூட இல்லை. மழையில் வித்தியாசம் 26 செ.மீ. அப்போது இந்தியாவின் உலகளாவிய வானிலை மாடலில் ஒரு கட்டத்தின் அகலம் 12 கிலோமீட்டர். இரண்டு ஊரும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடும் தூரம். கட்டத்துக்குள் நடப்பது கணக்கில் தனித்தனியாகத் தெரியாது.

2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்கணிப்பு அமைப்பு, புனேயின் 'அர்கா' சூப்பர் கம்ப்யூட்டரில் 6 கிலோமீட்டர் கட்டங்களில் ஓடுகிறது. கட்டம் பாதியாகிவிட்டதால் மட்டும் அடுத்த பெருமழையின் அளவைச் சரியாகச் சொல்லிவிடும் என்று அர்த்தமில்லை. கட்டத்தைவிடச் சின்ன மேகங்கள் இன்னும் இருக்கின்றன. வியாழனின் மையம் பற்றிய கணக்கு தப்பானால், ஆறு ஆண்டுகள் கழித்து இன்னொரு ஆய்வுக் கட்டுரை வந்து திருத்தும். தாமிரபரணிக் கரையில் வீடு உள்ளவர்களுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நம் ஊர் எவ்வளவு பெரிய கட்டத்துக்குள் இருக்கிறது?