காற்றை அழுத்தியது எது?

பெட்ரோலும் பேட்டரியும் இல்லாமல் வெறும் காற்றில் ஓடும் கார் உண்மையா என்று சீவலப்பேரிப் பக்கத்து மாணவர்கள் கேட்டிருந்தார்கள். உண்மைதான். அது ஓடும் விதத்தைப் பார்ப்போம்.

திருநெல்வேலியிலிருந்து சீவலப்பேரி வரும் பஸ் நிற்கையில் 'புஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது ஏர் பிரேக்கிலிருந்து வெளியேறும் காற்று. என்ஜினோடு இணைந்த கம்ப்ரசர் தொட்டியில் அடைத்துவைத்த அந்தக் காற்றுதான் அத்தனை பெரிய வண்டியை நிறுத்துகிறது. நிறுத்தத் தெரிந்த காற்றுக்கு ஓட்டவும் தெரியும். காற்றுக் காரின் தொட்டியில் வெளிக்காற்றைப்போல் ஏறத்தாழ 300 மடங்கு அழுத்தம் இருக்கும். வால்வு திறந்ததும் காற்று விரிந்து பிஸ்டனைத் தள்ள, சக்கரம் உருளும். புகையே கிடையாது.

பிரான்சின் நாந்த் நகரில் 1879-லேயே இப்படி டிராம் ஓடியது. 2007-இல் பிரெஞ்சுப் பொறியாளர் கி நேக்ரின் எம்.டி.ஐ. நிறுவனத்தோடு டாடா மோட்டார்ஸ் காற்றுக் காருக்காக ஒப்பந்தம் செய்தது. 2012-இல் இரண்டு வண்டிகளில் சோதித்துப் பார்த்துவிட்டதாகவும் அறிவித்தது. ஆனால் அந்தக் கார் விற்பனைக்கு வரவில்லை.

தடை இயற்பியலில் இருக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பு சுடும். காற்றை அழுத்தும் உழைப்பில் ஒரு பங்கு அப்படி வெப்பமாகப் போய்விடுகிறது. விரியும்போதோ காற்று குளிர்ந்து வலுவிழக்கிறது. அதற்காகவே நாந்த் டிராமில் காற்றை வெந்நீர் வழியே செலுத்தினார்கள். 300 லிட்டர் தொட்டியை நிரப்பினாலும் கணக்குப்படி அதிகபட்சம் 12 யூனிட் ஆற்றல்தான் தேறும். கம்ப்ரசருக்குச் செலவாகும் மின்சாரத்தை பேட்டரியில் ஏற்றினால் இன்னும் அதிக தூரம் போகலாம்.

ஆகவே, அழுத்திய காற்று எரிபொருள் அல்ல, சேமிப்பு. சேமிப்பு நமக்கு மிகவும் தேவை. செங்கோட்டைக் கணவாய் வழியே ஆடி மாதம் பாயும் காற்று கயத்தாறு வரை காற்றாலைகளைச் சுழற்றுகிறது. பருவம் போனால் அவை ஓய்ந்துவிடுகின்றன. ஜெர்மனியின் ஹுன்டார்ஃபில் 1978 முதல் நிலத்தடி உப்புக் குகைகளில் காற்றை அழுத்திவைத்து, தேவைப்படும்போது எரிவாயுவோடு சேர்த்து மின்சாரம் எடுக்கிறார்கள். அழுத்திய காற்றின் எதிர்காலம் காரைவிட இத்தகைய சேமிப்பில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மாணவர்களே, எரிபொருளே வேண்டாத வண்டி என்று யார் சொன்னாலும், அதற்கான ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை விடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்