வழியில் விட்டது

சோழபுரத்திலிருந்து ஆடி அமாவாசைக்கு வேன் கிளம்பும்போது விடிந்திருக்காது. தாணிப்பாறையில் இறங்கி நடந்தால் மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பர். சதுரகிரிப் பாதையை எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் வரிசை பிசகாமல் சொல்லும். ஆனால் எங்களுக்கு அந்தப் பெயர்கள் எல்லாம் எத்தனை தாண்டினோம், இன்னும் எத்தனை பாக்கி என்கிற கணக்குதான். மேலே சுந்தர மகாலிங்கம் இருக்கிறார். நடுவில் உள்ளது மூச்சு வாங்கவைக்கும் தூரம். இத்தனை வருஷமும் இப்படித்தான் ஏறினோம். எங்கள் தப்பு அங்கேதான் தொடங்கியது.

தாத்தா காலத்தில் கட்டுச்சோறு இலையில் போனது. தின்ற இடத்தில் போட்டாலும் மண்ணோடு மண்ணாகிவிடும். நாங்கள் பாலித்தீன் பையில் கொண்டுபோனோம். போடும் பழக்கத்தை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். ஓடையில் குளித்துவிட்டுப் பழைய வேட்டியை அங்கேயே விட்டால் பாவம் போகும் என்று யாரோ சொன்னதை நம்பி, அதையும் விட்டோம். அந்த ஓடைத் தண்ணீர் வத்திராயிருப்புப் பக்கத்துக் கண்மாய்களுக்குப் போகிறது என்று தெரிந்தேதான் விட்டோம். அய்யனார் கோவில் ஆற்றிலும் இதே கதை. ஷாம்பு நுரையைக் கரைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். ராஜபாளையம் குடிக்கிற ஆறாவது மைல் நீர்த்தேக்கம் அதே ஆற்றை நம்பித்தான் இருக்கிறது.

கைத்தடிக்குக் கிளை ஒடித்தோம். இந்தக் காடு 1988இல் சரணாலயமானதே நரை அணிலுக்காகத்தான். அது கிளைக்குக் கிளை தாவிப் போகிற பிராணி, தரையில் இறங்க அஞ்சும். கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டு இருந்தால்தான் அதற்குப் பாதை. எங்கள் பாதைக்காக அதன் பாதையை அறுத்தோம் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேகமலையும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆனபோது, இனி மலைக்கு விடுவார்களா என்பதைத்தான் டீக்கடையில் பேசினோம்.

அடிவாரத்தில் பளியர்கள் இருக்கிறார்கள். மூட்டை தூக்க, வயசானவர்களை டோலியில் சுமக்க அவர்கள் வேண்டும். கூலி பேசினோம், வேறொன்றும் பேசவில்லை. ஒரு முறை பெரியவர் ஒருவர், "மேக்கே கருத்திருக்கு சாமி, ஓடையத் தாண்டி உக்காருங்க" என்றார். எங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தது. சிரித்துக்கொண்டு ஓடைக்கரையிலேயே இலை விரித்தோம். அன்று ஒன்றும் ஆகவில்லை. அதனால் அவர் சொன்னதை மறந்தோம்.

2015 மே மாதம் அதே மலையில் காட்டாறு வந்தது. முகட்டில் கொட்டும் மழை கீழே வெயிலில் நிற்பவனுக்குத் தெரியாது. செங்குத்துச் சரிவில் தண்ணீர் இறங்க நாள் கணக்கெல்லாம் வேண்டாம், நிமிஷங்கள் போதும். பக்தர்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு பிரதோஷம், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்தான் மலைக்கு அனுமதி என்று வனத்துறை கட்டுப்படுத்தியதும், சாமி கும்பிட விடமாட்டேன் என்கிறார்களே என்று நாங்கள் கொதித்தோம். அந்தப் பளியப் பெரியவரைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை. அவர் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை.

இதையெல்லாம் ஊர்க் கூட்டத்தில் ஒருவரும் எடுத்ததில்லை. மலைப் பயணத்துக்கு வசூல் எவ்வளவு, அன்னதானத்துக்கு அரிசி எத்தனை மூட்டை என்று பேசிக் கலைவோம். குப்பை பக்கத்து ஊர்க்காரன் போட்டது என்போம். அவர்கள் ஊரில் எங்களைச் சொல்லியிருப்பார்கள்.

போன தை அமாவாசைக்கு ஆறு பேர் போனோம். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். திரும்பி வரும்போது சோழபுரம் விலக்கில் வேனைவிட்டு இறங்கி எண்ணினேன். நாலுதான் இருந்தது. மற்ற ஐந்து பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்காமல் வீட்டுக்கு நடந்தேன்.