உம்மா நட்ட கமேலியா



ராகலையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "மௌத்தான என் உம்மா வாசலில் நட்ட கமேலியாச் செடி ஒரு வருடமாக வாடுகிறது. இலைகள் மஞ்சளாகின்றன. மொட்டுகள் விரியாமலே உதிர்கின்றன. அடுப்புச் சாம்பலும் முட்டைக் கோதும் தவறாமல் போடுகிறேன். உம்மாவின் ஞாபகமாக இருப்பது இது ஒன்றுதான். காப்பாற்ற முடியுமா?"

முடியும் சகோதரி. முதலில் சாம்பலை நிறுத்துங்கள்.

கமேலியா வேறு யாருமல்ல, தேயிலையின் சொந்தக்காரி. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரயில் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலையும் இதே குடும்பத்துச் செடிதான். இரண்டுக்கும் புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். தேயிலை செழிக்கும் மலைநாட்டு மண்ணே கமேலியாவுக்கும் பொருந்தும். சாம்பலும் முட்டைக் கோதும் அந்தப் புளிப்பைக் குறைத்து விடுகின்றன. அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இலையைப் பாருங்கள்: நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாக இருந்தால் காரணம் இதுதான்.

செய்ய வேண்டியவை:

மேலே கிடக்கும் சாம்பலைக் கையால் மெதுவாக வழித்தெடுங்கள். மண்வெட்டி வேண்டாம், இதன் வேர்கள் மேலாகவே ஓடும். பிறகு உக்கிய இலைகுழையை மூன்று விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். பாலும் சீனியும் சேராத தேயிலைச் சக்கையை அதில் கொஞ்சம் கலக்கலாம். தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள்.

மொட்டு உதிர்வதற்குப் பெரும்பாலும் ஈரக் குறைவே காரணம். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறையும்போது வேரடி காயக் கூடாது. வுழூச் செய்யும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுங்கள். சவர்க்காரத் தண்ணீர் ஆகாது. தண்ணீர் தேங்கி நின்றாலும் வேர் அழுகும்.

உறைபனி விழும் இரவுகளில் சாக்கால் மூடிவிட்டு, காலையில் எடுத்து விடுங்கள்.

கிளை வெட்டுவதானால், பூத்து முடிந்த கையோடு வெட்டுங்கள். பிந்தினால் அடுத்த பருவத்து மொட்டுகளையும் சேர்த்து வெட்டி விடுவீர்கள்.

மஞ்சளான பழைய இலைகள் முழுதாகப் பச்சைக்குத் திரும்பாமல் போகலாம். அதைக் கண்டு மனந்தளர வேண்டாம். புதுக் கொழுந்தைக் கவனியுங்கள். அது பச்சையாக வந்தால் செடி பிழைத்து விட்டது. மண் மாறச் சில மாதங்கள் ஆகும், பொறுமையாக இருங்கள்.

சகோதரி, நீங்கள் சாம்பல் போட்டதும் பாசத்தினால்தான். ஆனால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாம் பழகிய கைமருந்து எல்லாச் செடிக்கும் ஒத்துவராது. உங்கள் உம்மாவின் செடி கேட்பது, பக்கத்து மலையில் தேயிலை நிற்கும் அதே மண்ணைத்தான். இன்ஷா அல்லாஹ், மீண்டும் பூக்கும். பூத்ததும் எழுதுங்கள்.