முதலில் விளக்கு, பிறகு கோப்பை



சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டில் இருக்கும் கிருஷ்ணன் கோயிலுக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். அதே தெருவில் 1878-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட யூதர் ஆலயம் ஒன்றும் உண்டு. மகேன் அபோத் என்பது அதன் பெயர். பாக்தாத் நகரைப் பூர்வீகமாகக் கொண்ட யூதர்கள் எழுப்பியது அது. யூதர்கள் வாரந்தோறும் தங்கள் வீட்டில் நடத்தும் ஓர் அழகான சடங்கை இந்த இதழில் பார்ப்போம்.

யூதர்களுக்கு நாள் பிறப்பது விடியலில் அல்ல, அந்தியில். வெள்ளிக்கிழமை சூரியன் சாய்ந்தால் 'சபாத்' என்னும் ஓய்வு நாள் தொடங்கிவிடும். மறுநாள் இரவு விண்மீன்கள் தோன்றும்வரை வேலை கிடையாது. இந்த ஓய்வு வீட்டு எசமானுக்கு மட்டும்தானா? வேலைக்காரருக்கும் வேலைக்காரிக்கும், ஏன், மாட்டுக்கும்கூட அன்று ஓய்வு தரவேண்டும் என்பது அவர்கள் வேதம் இட்ட கட்டளை.

சூரியன் மறைவதற்குப் பொதுவாக 18 நிமிடம் முன்பே இல்லத்தரசி விளக்கேற்றி விடுவாள். கணவன் ஆலயத்திலிருந்து திரும்பியதும் பிள்ளைகளின் தலைமேல் கைவைத்து வாழ்த்துவதும், மனைவியின் பெருமையைச் சொல்லும் பாட்டைப் பாடுவதும் பல வீடுகளில் வழக்கம். அதன் பிறகே 'கித்தூஷ்' நடைபெறும். அச்சொல்லுக்குப் புனிதப்படுத்துதல் என்று பொருள்.

கழுவித் துடைத்த கோப்பையில் திராட்சை ரசத்தை விளிம்புவரை நிரப்பி, வலக்கையில் ஏந்துவார் குடும்பத் தலைவர். இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்ததைக் கூறும் வேத வரிகளை முதலில் சொல்வார். பிறகு, திராட்சைக் கொடியின் கனியைத் தந்ததற்காக இறைவனைப் போற்றுவார். அதன் பின், ஓய்வு நாளைத் தந்ததற்காகவும் போற்றுவார். எகிப்தில் அடிமைகளாய்க் கிடந்த முன்னோர் விடுதலை பெற்றதையும் அப்போது நினைவுகூர்வார். சுற்றியிருப்பவர்கள் 'ஆமென்' என்பார்கள். அவர் பருகியதும் மற்றவர்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கிடைக்கும். ஆண் துணை இல்லாத வீட்டில் பெண்ணே கோப்பையை ஏந்தலாம். இந்தக் கடமை அவளுக்கும் உண்டு.

மேசைமேல் இருக்கும் இரண்டு ரொட்டிகளையும் அதுவரை துணியால் மூடி வைப்பார்கள். ஏன் தெரியுமா? மற்ற நாளில் முதலில் ஆசி பெறுவது ரொட்டி. இன்று கோப்பை முந்திக்கொள்வதால் ரொட்டி வெட்கப்படுமாம்! ரொட்டியின் மனமே நோகக் கூடாது என்றால், மனிதர் மனத்தை எவ்வளவு பேண வேண்டும் என்று குழந்தைகளுக்கு விளக்கிச் சொல்வார்கள்.

இதைக் குடிக்கு ஒரு சாக்கு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கோப்பை கொள்ள வேண்டிய குறைந்த அளவு ஏறக்குறைய 86 மில்லி லிட்டர். நம் காப்பிக் கோப்பையில் பாதிதான் வரும். போதையும் தேவையில்லை, புளிக்காத திராட்சைச் சாறே போதும். பம்பாய்ப் பக்கத்து யூதர்கள் உலர்ந்த திராட்சையை ஊறவைத்து எடுத்த சாற்றைக் கொண்டே தலைமுறை தலைமுறையாக இச்சடங்கைச் செய்து வந்தார்கள். அதுவும் இல்லையா? ரொட்டியின் மேலேயே சொல்லிவிடலாம்.

கையில் இருக்கும் காசு, ஒன்று விளக்குக்கு ஆகும் அல்லது திராட்சை ரசத்துக்கு ஆகும் என்றால் ஏழை எதை வாங்குவது? தால்முத் என்னும் அவர்களுடைய பழைய சட்ட நூல் இதற்கு விடை சொல்கிறது. விளக்கைத்தான் முதலில் வாங்க வேண்டும். காரணம், வீட்டின் அமைதி. இருட்டில் ஒருவரை ஒருவர் இடறிக்கொண்டு, மனம் கசந்து உட்கார்ந்திருக்கும் வீட்டில் கோப்பையை ஏந்தி என்ன பயன்?

கள்ளும் சம்சுவும் நம் தோட்டத்துக் குடும்பங்களைப் படுத்திய பாட்டை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமா? சம்பளம் வாங்கிய கை நேரே கடைக்குப் போனதால் அடுப்பெரியாத வீடுகள் எத்தனை! அந்தக் கோப்பையில் மனைவிக்கும் மக்களுக்கும் பங்கில்லை. அவர்கள் பங்குக்குக் கிடைத்தது கண்ணீர்தான்.

வெள்ளிக்கிழமை அந்தியில் நம் பெண்களும் விளக்கேற்றுகிறார்கள். அந்த நேரத்தில் வீட்டுத் தலைவரும் அங்கே இருக்கட்டும். பிள்ளைகளின் தலைமேல் கைவைத்து ஒரு வாழ்த்துச் சொல்லட்டும். அதற்குக் காசு ஒன்றும் செலவில்லை, அன்பர்களே!