88 கீ கன்ட்ரோலர் வாங்கப் போறீங்களா? முதல்ல டாக்ஸி கணக்கைப் போடுங்க



திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் ஆபீஸ். சனி, ஞாயிறு வந்தா கல்யாண ரிசப்ஷன், சர்ச், கஃபேன்னு கீபோர்டு வாசிக்கிற ப்ரோகிராம். ராத்திரி நேரம் கிடைச்சா லேப்டாப்ல சொந்தமா ஒரு டிராக். நம்ம சேனல் பார்க்கிறவங்கள்ல இப்படி வாழுறவங்க கொஞ்சம் பேர் இருக்கீங்க. போனஸ் வந்ததும் உங்க மனசு போய் நிக்கிற பொருள் எதுன்னும் தெரியும்: 88 கீ வெயிட்டட் கன்ட்ரோலர். "ஒண்ணு வாங்கிட்டா மேடைக்கும் ஆச்சு, ஸ்டூடியோவுக்கும் ஆச்சு, அடுத்த பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை."

இந்த நினைப்போடதான் எனக்கு முரண்பாடு. மேடையும் ஸ்டூடியோவும் ரெண்டு தனித்தனி வேலை. இப்போ எந்த வேலை உங்களுக்குக் காசு கொடுக்குதோ, அதுக்கு முதல்ல வாங்குங்க. ரெண்டுக்கும் சேர்த்துன்னு ஒரே பெரிய கன்ட்ரோலரை இஎம்ஐல வாங்குறது, சம்பளக்காரங்க பெரும்பாலானவங்களுக்குச் சரியான முதல் செலவு இல்லைங்கிறது என் கருத்து.

கன்ட்ரோலர்ல சத்தம் வராது

இது தெரிஞ்சவங்களுக்கும் பட்ஜெட் போடும்போது மறந்துபோற விஷயம். கன்ட்ரோலர் அனுப்புறது வெறும் தகவல். எந்த கீயை அழுத்தினீங்க, எவ்வளவு வேகமா அழுத்தினீங்க, எப்போ விட்டீங்க, அவ்வளவுதான். 1983ல வந்த மிடி முறை இது. சத்தத்தை உண்டாக்குறது லேப்டாப்ல இருக்கிற சாஃப்ட்வேர், இல்லைன்னா தனியா ஒரு சவுண்ட் மாட்யூல்.

அதனால கன்ட்ரோலர் விலையோட கணக்கு முடியாது. நம்பகமான லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், பியானோ சவுண்ட் சாஃப்ட்வேர், நல்ல சஸ்டெயின் பெடல், 15 கிலோவைத் தாங்குற ஸ்டாண்டு, உறை, கேபிள் எல்லாம் வரிசையா வரும். மேடைல விண்டோஸ் அப்டேட் ஓட ஆரம்பிச்சா என்ன பண்றதுங்கிற கவலை அதுக்கு மேல. ஸ்டூடியோவுல லேப்டாப் தொங்கினா ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம். ரிசப்ஷன்ல பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறும்போது தொங்கினா, அடுத்த ப்ரோகிராமுக்கு உங்களைக் கூப்பிட மாட்டாங்க.

ஒரு உதாரணம் சொல்றேன். ரோலண்ட் கம்பெனியோட ஏ-88 எம்கே2 ஒரு கன்ட்ரோலர். அதே கம்பெனியோட எஃப்பி-10 ஒரு டிஜிட்டல் பியானோ. ரெண்டுலயும் இருக்கிற கீ அமைப்பு பிஎச்ஏ-4 வகையைச் சேர்ந்தது. எஃப்பி-10ல சொந்தமா பியானோ சத்தமும் ஸ்பீக்கரும் உண்டு. யுஎஸ்பி கேபிள் போட்டா லேப்டாப்புக்குக் கன்ட்ரோலராவும் வேலை செய்யும். ஆனா சத்தமே இல்லாத கன்ட்ரோலரோட விலைதான் அதிகம்! ஏன்னா அதுல பிட்ச் பெண்ட், நாப், பேட், கூடுதல் பெடல் இணைப்பு, கீகளைப் பகுதி பகுதியாப் பிரிச்சு வெவ்வேற சவுண்டுக்கு அனுப்புற வசதி எல்லாம் இருக்கு. அந்த வசதி உங்க வாசிப்புக்குத் தேவைப்பட்டா அந்த விலை நியாயம். வெறுமனே விரலுக்கு பியானோ மாதிரி இருக்கணும்னா, அந்தக் கூடுதல் காசு வேண்டாத செலவு.

டாக்ஸி கணக்கு

இனி தலைப்புக்கு வர்றேன். 88 கீ உள்ள எந்தப் பொருளும் ஏறக்குறைய 130 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஏ-88 எம்கே2 எடை 16 கிலோவுக்கு மேல. இதைத் தோள்ல மாட்டிட்டு பைக்ல போக முடியாது, ஷேர் ஆட்டோவுலயும் ஏத்த மாட்டாங்க. ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் போக வர டாக்ஸி. வெளியூர் ப்ரோகிராமுக்கு விமானத்துல போனா, உள்நாட்டு டிக்கெட்ல வழக்கமாக் கொடுக்கிற 15 கிலோ லக்கேஜையும் உறையோட சேர்த்துத் தாண்டிடும்.

உங்க வசதிக்கு ஒரு உதாரணக் கணக்கு. எண்கள் நானாப் போட்டது, உங்க எண்களைப் போட்டு மாத்திக்குங்க. மாசம் 2 ப்ரோகிராம், ஒவ்வொண்ணுக்கும் 3,000 ரூபாய் சம்பளம்னு வைங்க. மாசம் 6,000.

முதல் வழி: கன்ட்ரோலர் 90,000, ஸ்டாண்டு, உறை, பெடல் 15,000, ஆடியோ இன்டர்ஃபேஸ் 12,000. மொத்தம் 1,17,000. டாக்ஸி ஒரு ப்ரோகிராமுக்கு 700ன்னா மாசம் 1,400. கையில நிக்கிறது 4,600. போட்ட காசு திரும்ப வர 25 மாசத்துக்கு மேல ஆகும். லேப்டாப் விலையை நான் சேர்க்கவே இல்லை.

ரெண்டாவது வழி: சொந்தமா சவுண்ட் இருக்கிற 61 கீ சின்தசைசர் 45,000, உறையும் ஸ்டாண்டும் 5,000. மொத்தம் 50,000. பைக் பெட்ரோல் ஒரு ப்ரோகிராமுக்கு 100. கையில நிக்கிறது 5,800. 9 மாசத்துல போட்டது திரும்பிடும்.

விலையில இருக்கிற வித்தியாசம் எல்லாருக்கும் கண்ணுல படும். மாசாமாசம் 1,200 ரூபாய் டாக்ஸில போறது யார் கண்ணுலயும் படாது. வருஷத்துக்கு அது 14,400. இரண்டு மாசத்துக்கு மேல வாசிச்ச சம்பளம் ரோட்டுலயே போச்சுன்னு அர்த்தம்.

மேடைக்கு என்ன வேணும்?

நம்ம ஊர் லைட் மியூசிக் மேடைல கீபோர்டு வாசிக்கிறவர் பியானோ மட்டும் வாசிக்கிறது இல்லை. அடுத்தடுத்த பாட்டுல வயலின், புல்லாங்குழல், நாதஸ்வரம், ஷெனாய், பிராஸ்னு எல்லாமே அவர் தலையில. அந்தச் சத்தத்துக்கெல்லாம் கமகம் வரணும்னா பிட்ச் பெண்ட் கட்டாயம். எஃப்பி-10, கேசியோ பிஎக்ஸ்-எஸ்1100 மாதிரி டிஜிட்டல் பியானோக்கள்ல பிட்ச் பெண்டே கிடையாது. "வெயிட்டட் கீ இருக்கு, பெரிய கம்பெனி" ன்னு வாங்கிட்டுப் போய், புல்லாங்குழல் பிட்டை நேர்கோடா வாசிச்சா பக்கத்துல இருக்கிற தபேலாக்காரரே திரும்பிப் பார்ப்பார்.

அடுத்தது டிரான்ஸ்போஸ். பாடகர் கடைசி நிமிஷத்துல "தொண்டை சரியில்லை, அரைக் கட்டை இறக்கிடுங்க"ன்னு சொல்வார். அந்த பட்டன் முன்னாடியே இருக்கா, இல்லை ரெண்டு மூணு பட்டனைச் சேர்த்து அழுத்தித் தேடணுமான்னு பாருங்க.

மூணாவது, லைன் அவுட். எஃப்பி-10ல ஹெட்ஃபோன் துளை மட்டும்தான். மேடை மிக்சருக்கு அதிலிருந்தே கேபிள் எடுக்கணும். அதே ரோலண்டோட எஃப்பி-30எக்ஸ்லயும், கேசியோ பிஎக்ஸ்-எஸ்1100லயும் தனி லைன் அவுட் இருக்கு. பிஎக்ஸ்-எஸ்1100 எடை 11.2 கிலோதான், பேட்டரிலயும் ஓடும். இந்த மாதிரி சின்னச் சின்ன வித்தியாசம்தான் ப்ரோகிராம் அன்னிக்குக் கை கொடுக்கும்.

இந்த மூணையும் வெச்சுப் பார்த்தா, நம்ம மேடைகள்ல ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 ஏன் இவ்வளவு தட்டுப்படுதுன்னு புரியும். 61 கீ, சுமார் 4 கிலோ, பிட்ச் பெண்ட் உண்டு, நம்ம ஊர் வாத்தியச் சத்தங்களும் உண்டு. வெயிட்டட் கீ இல்லை. அதனால யாரும் சம்பளத்தைக் குறைச்சுக் கொடுக்கிறது இல்லை.

ஸ்டூடியோவுக்கு என்ன வேணும்?

வீட்டு ஸ்டூடியோவுல பியானோ பகுதியை உணர்ச்சியோட பதிவு பண்ண வெயிட்டட் கீ நிஜமாவே உதவும். மெல்லத் தொட்டா மெல்லிசா, அழுத்தினா கனமா வர்றதை விரல் நல்லாக் கட்டுப்படுத்தும். இதை மறுக்கவே மாட்டேன்.

ஆனா ஒரு டிராக்ல பியானோ எத்தனை சதவீதம்? டிரம்ஸ், பேஸ், பேட், ஸ்ட்ரிங்ஸ் எல்லாத்தையும் கனமான ஹாமர் கீயில தட்டிக்கிட்டே இருந்தா விரல் சீக்கிரம் களைச்சுப்போகும். ஆர்கன்ல உள்ளங்கையை இழுத்து வாசிக்கிற வேலைக்கும் அது ஒத்துவராது. வாடகை வீட்டு மேசையில 130 சென்டிமீட்டர் போட்டா மானிட்டரை எங்க வைக்கிறது? 25 கீயோ 49 கீயோ உள்ள சின்ன கன்ட்ரோலர் ஒண்ணு நிறைய பேருக்கு முக்கால்வாசி வேலையை முடிச்சுடும்.

கீ அழுத்தினதும் சத்தம் தாமதமா வருதுன்னு கன்ட்ரோலரை மாத்துறவங்களும் இருக்காங்க. அந்தத் தாமதம் பெரும்பாலும் கம்ப்யூட்டர் பக்கம். 44.1 கிலோஹெர்ட்ஸ்ல பஃபர் 128 சாம்பிள் வெச்சா, அந்த பஃபரால வர்ற தாமதம் 3 மில்லி செகண்டுக்கும் குறைவு. 1024 வெச்சா 23 மில்லி செகண்ட் ஆகும், அது விரலுக்குத் தெரியும். செட்டிங் மாத்தினா சரியாகிறதுக்கு 90,000 செலவு பண்ணாதீங்க.

அப்போ யார்தான் வாங்கலாம்?

பியானோ முறையாக் கத்துக்கிட்டவங்க, கிரேடு பரீட்சை எழுதுறவங்க, சர்ச்லயோ ஹோட்டல் லாபியிலயோ பியானோவையே முதன்மையா வாசிக்கிறவங்க, இவங்களுக்கு வெயிட்டட் கீ ஆடம்பரம் இல்லை, தொழில் தேவை. லைட்டான கீயிலயே பழகினா நிஜ பியானோ முன்னாடி உட்காரும்போது விரல் தடுமாறும். ஆனா இவங்களுக்கும் என் முதல் சிபாரிசு, லைன் அவுட் உள்ள 11 முதல் 15 கிலோ எடையுள்ள டிஜிட்டல் பியானோதான். லேப்டாப் திறக்காமலே ஆபீஸ் முடிஞ்சு வந்து ஹெட்ஃபோன் மாட்டி அரை மணி நேரம் பழகலாம். யுஎஸ்பி போட்டா ஸ்டூடியோவுக்கும் ஆச்சு.

தனி 88 கீ கன்ட்ரோலர் யாருக்குன்னா, லேப்டாப் வெச்சே மேடைல வாசிச்சுப் பழகினவங்க, சாஃப்ட்வேர் சவுண்டுகளை ஏற்கெனவே வாங்கி வெச்சிருக்கிறவங்க, பொருளைத் தூக்கிட்டுப் போக வண்டி இருக்கிறவங்க. இந்த மூணும் "ஆமா"ன்னா தாராளமா வாங்குங்க.

காசு விஷயம்

என் விதி எளிமையானது: கருவிக்கும் அதோட துணைப் பொருளுக்கும் சேர்த்து ஆகுற செலவு, உங்க ஒரு வருஷ ப்ரோகிராம் வருமானத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினா அது தொழில் முதலீடு இல்லை, பொழுதுபோக்குச் செலவு. பொழுதுபோக்குக்குச் செலவு பண்றது தப்பே இல்லை, ஆனா அந்தப் பெயரைச் சொல்லிச் செய்யுங்க. எமர்ஜென்சி ஃபண்டுல கை வைக்காதீங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ பார்த்து மயங்க வேண்டாம். வட்டியை டிஸ்கவுண்டாக் கழிச்சாலும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டியும், பல பேங்க்ல பிராசசிங் ஃபீசும் உங்க தலையிலதான். மொத்தமாக் கொடுத்தா கடைக்காரர் எவ்வளவு குறைப்பார்னு கேளுங்க. அந்தத் தள்ளுபடியை விட்டுக்கொடுக்கிறதும் ஒரு செலவுதான்.

அதுக்குப் பதிலா மாசம் 5,000 ஆர்டில போடுங்க. 10 மாசத்துல 50,000. இடையில பெரிய ப்ரோகிராம் வந்தா கருவியை வாடகைக்கு எடுங்க. நாலு தரம் வாடகைக்கு எடுத்து வாசிச்சா, எது உங்க கைக்கு ஒத்துவருது, எதைத் தூக்கினா முதுகு வலிக்குதுன்னு எந்த ரிவ்யூவும் சொல்லாத உண்மை தெரிஞ்சுடும்.

பழைய பொருள் வாங்குறதும் நல்ல வழி. கடைசி கீ வரைக்கும் ஒவ்வொண்ணையும் மெல்லவும் அழுத்தியும் வாசிச்சுப் பாருங்க. ஒரு தட்டுக்கு ரெண்டு தரம் ஒலிக்குதா, மெல்லத் தொட்டாலே கத்துதான்னு கவனிங்க. உள்ள கான்டாக்ட் தேய்ஞ்சிருந்தா இப்படி ஆகும். உங்க ஊர்ல அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் இருக்கான்னு விசாரிச்ச பிறகு பணம் கொடுங்க.

இன்னொண்ணு, ப்ரோகிராம் பணமும் வருமானம்தான். தொழில் வருமானமாக் காட்டும்போது ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-3 இல்லைன்னா 4. எது பொருந்தும், கருவிக்குத் தேய்மானம் காட்டலாமான்னு ஆடிட்டரைக் கேளுங்க. பில்லை உங்க பேர்லயே வாங்கி வைங்க. வெளி வேலை பார்க்க ஆபீஸ் அனுமதிக்குதான்னு அப்பாயின்மென்ட் ஆர்டரையும் ஒரு தரம் படிச்சுடுங்க.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. கடைசி 6 மாசத்துல வாசிச்சு எவ்வளவு வந்துச்சு, அதுல மேடை எவ்வளவு, ஸ்டூடியோ எவ்வளவு, போக வர எவ்வளவு ஆச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. எந்தப் பக்கம் எண் பெருசா இருக்கோ, அந்தப் பக்கத்துக்கு வாங்குங்க. ரெண்டு பக்கமும் பூஜ்ஜியம்னா, இருக்கிற கீபோர்டுலயே இன்னும் ஆறு மாசம் வாசிங்க. ஆர்டி பாட்டுக்கு ஓடட்டும்.