கிடை நாயும் தலைமையும்

வேலையிடத்திற் பிறரை நடத்தும் முறையை நாயினிடம் கற்க வேண்டுமென்று கூறும் நூல்கள் இந்நாளில் மலிந்து கிடக்கின்றன. பட்டம் பெற்று வெளியேறும் நம் நண்பர் பலர் அவற்றை ஆவலுடன் படித்து, கூட்டத்தில் மேம்பட்ட நாய் ஏனையவற்றை உறுமி அடக்குவதுபோலத் தாமும் தமக்குக் கீழ்ப்பட்டாரை அடக்கியாள வேண்டுமென்று எண்ணுகின்றனர். நாயினிடம் கற்கலாம் என்பதை யாம் மறுக்கவில்லை. எந்த நாயினிடம் என்பதே வினா.

இவ் 'ஆல்பா'க் கொள்கை பிறந்த வரலாறு அறியத்தக்கது. சுவிட்சர்லாந்தில் பாசெல் நகர உயிர்க்காட்சிச்சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களை ஆராய்ந்து, ருடால்ப் ஷெங்கல் என்பார் 1947இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வேலிக்குள் அடைபட்ட விலங்குகள் பூசலிடுதல் வியப்பன்று. அமெரிக்க அறிஞர் டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல் அக்கொள்கையை எங்கும் பரப்பிற்று. பின்னர் அவரே காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் கண்டு, ஓநாய்க் கூட்டமென்பது பெரும்பாலும் பெற்றோரும் மக்களுமாகிய குடும்பமே என்றும், அங்குள்ள தலைமை சண்டையிட்டுப் பெற்றதன்று என்றும் 1999இல் எழுதினார். தம் பழைய நூலை இனி அச்சிட வேண்டாமெனப் பதிப்பகத்தாரை வேண்டவும் செய்தார். தாம் எழுதியது பிழையெனத் தாமே கூறிய இப்பண்பைத் தலைமைப் பாடமாகக் காட்டும் நூலை யாம் இதுவரை கண்டிலோம்!

அறுவடைக்குப்பின் திண்டுக்கல் சமவெளியில் ஆட்டுக்கிடை போடுவதை நம்மிற் பலர் கண்டிருப்பர். பகலில் மேய்ந்த ஆடுகளை இரவில் வயலில் அடைப்பர். புழுக்கை நிலத்திற்கு உரமாகும். ஆட்டுக்காரருக்குக் கூலி கிடைக்கும். சென்ற விடுமுறையில் எம் தாய்மாமன் வயலிற் கிடை போட்டபோது யாமும் அங்கு ஓரிரவு கயிற்றுக்கட்டிலிற் கிடந்தோம். காவலுக்கிருந்தது ஒரு செவலை நாய். 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற இராசபாளைய இனமன்று, வெறும் நாட்டு நாய். அஃது ஆடுகளின் நடுவிற் படுக்கவில்லை. நரி வரக்கூடிய ஓடைப் பக்கம், பட்டிக்குப் புறத்தே படுத்தது. இரவு முழுதும் குரைத்தது இருமுறையே. அவ்விரு முறையும் ஆட்டுக்காரர் தடியுடன் எழுந்தார். ஓயாது குரைக்கும் நாயாயின் எவர் எழுவர்? விடிந்து மந்தை புறப்பட்டபோது நாய் முன்னே செல்லவில்லை. பின்தங்கிய நொண்டியாட்டுடன் கடைசியிற் சென்றது.

உரோமாபுரியில் கட்டின்றித் திரியும் நாய்களை ஆராய்ந்தோர் 2010இல் வெளியிட்ட முடிவும் ஈண்டு நினைக்கத்தக்கது. கூட்டம் பின்தொடர்ந்து சென்றது, சண்டையில் வென்ற நாயையன்று. ஏனைய நாய்கள் வாலாட்டி அன்புடன் வணங்கிய நாயையே பெரும்பாலும் பின்தொடர்ந்தது.

இனி எம் நகருக்கு வருவோம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் அரம் தேய்த்து, பூட்டிற்கேற்பச் சாவியைப் பொருத்தும் அத்தொழிலில் எம் சிற்றப்பா பல்லாண்டு உழைத்தார். அவர் பணிபுரிந்த பட்டறையின் மேஸ்திரி உரத்த குரலினர். ஒருநாள் லீவர்த் தகடு ஒன்று மயிரிழை மிகுதியாகத் தேய்ந்துவிட்டதென்று சிற்றப்பா தாமே சென்று கூற, மேஸ்திரி எல்லார் முன்னிலும் அவரை இழிவாகப் பேசினார். அன்று முதல் எவரும் எப்பிழையையும் கூறவில்லை. பிழைகள் மறைந்தனவோ? பூட்டுக்குள் மறைந்து கடைக்குச் சென்று, கடையினின்று திரும்பி வந்தன. அடக்குதலால் விளைந்த அமைதியை மேஸ்திரி ஒழுங்கென்று எண்ணியிருந்தார்.

நாலடியார் பயின்ற தமிழ் மாணவர் ஒன்று கேட்கலாம்: எறிந்த வேல் உடலில் இருக்கவும் வாலாட்டும் நாயை அந்நூல் புகழவில்லையோ எனின், புகழ்ந்தது உண்மை, ஆயின் அது நட்பாராய்தலிற் கூறியது. நண்பனைத் தேர்வார்க்குக் கூறிய உவமையை, வேலை எறிவார் தமக்கு உரிமைச் சீட்டாகக் கொள்ளுதல் முறையன்று. முதலாளிமார் சிலர் அவ்வாறே கொண்டு, தொழிலாளியிடம் நாயின் நன்றியை எதிர்பார்க்கின்றனர். கிடை நாயின் விழிப்பைத் தம்மிடம் எதிர்பார்ப்பார் அரியர்.

எம் சிற்றப்பா வாலாட்டவில்லை. அரத்தை உறையிலிட்டு வீட்டுப் பரணில் வைத்துவிட்டு, இப்பொழுது திருப்பூரிற் பனியன் தொழிற்சாலையொன்றிற் காவலராய் இருக்கின்றார். இரவுக் காவல்.