ஒரு விளையாட்டின் வருகையும் ஒரு தந்தையின் கேள்வியும்



மதரஸாவில் பாடம் நடத்தும் நாம், ஒரு கணினி விளையாட்டு வெளியாகும் நாளை எண்ணிக் காத்திருந்தோம் என்றால் வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். உண்மை அதுதான். 2025 பிப்ரவரி 11 அன்று ‘சிவிலைசேஷன்’ வரிசையின் ஏழாம் பாகம் வந்தது. கூடுதல் விலை கொடுத்தோருக்கு ஐந்து நாள் முன்னதாகவே கிடைத்ததாம். நாம் அந்த வரிசையில் இருக்கவில்லை.

1991இல் சித் மையர் என்பவர் முதல் பாகத்தை வெளியிட்டார். எமக்கு அது அறிமுகமானது மூன்றாம் பாகத்தில், மூலக்குளத்தில் மைத்துனர் வீட்டுக்குக் கணினி வந்தபோது. சிறு குடியிருப்பு ஒன்றை அமைத்து, வயல் திருத்தி, எழுத்தையும் சக்கரத்தையும் கண்டறிந்து, நூற்றாண்டுகளைக் கடந்து ஒரு நாட்டையே வளர்க்க வேண்டும். சதுரங்கம் போல முறை வைத்து ஆடுவது. ‘இன்னும் ஒரே ஒரு முறை’ என்பது இதன் ரசிகர்களிடையே உலகெங்கும் வழங்கும் கேலிச்சொல். அந்த ஒரே ஒரு முறையில் எமக்கு ஒரு ஃபஜ்ரு தவறியது. பாங்கு காதில் விழுந்தும் எழவில்லை. குற்றம் விளையாட்டினுடையது அன்று, எம்முடையது. ஆனால் இருபது ஆண்டுகள் கடந்தும் அந்த விடியலை நாம் மறக்கவில்லை.

அந்நாட்களில் மக்தப் மாணவர் ஒருவரின் தந்தை வந்தார். மகன் இந்த விளையாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறானாம். “ஹஜ்ரத், ஹராம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கணினியையே விற்றுவிடுகிறேன்” என்றார்.

அந்த ஒரு வார்த்தையை எம்மால் சொல்ல முடியவில்லை. சதுரங்கத்தைப் பற்றி நம் இமாம்கள் நெடுங்காலம் விவாதித்துள்ளனர். ஹனஃபி அறிஞர்கள் கடுமை காட்டினர். ஷாஃபிஈ அறிஞர்களில் பலர், பணயமும் இன்றித் தொழுகையும் தவறாதபோது அதை மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்தினர். ஹராம் என்ற சொல்லை அவர்கள் எவ்வளவு தயங்கிப் பயன்படுத்தினர் என்பதைக் கற்றுவிட்டு, ஒரு தகப்பனின் களைப்பைத் தீர்ப்பதற்காக நாம் அதை வாரி இறைக்கலாமா?

எமது கவலை வேறிடத்தில் இருக்கிறது. இவ்விளையாட்டில் பகைவரின் நகரைப் பிடித்தால், அதை வைத்துக்கொள்ளலாம், அல்லது அழித்துவிடலாம். அதற்கு ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் சில முறைகளில் நகர் மறைந்துவிடும். அங்கே வாழ்ந்தவர்கள் ஓர் எண்ணாக இருந்தார்கள். அந்த எண் குறைந்து பூச்சியமாகும். நாமும் இளமையில் யோசிக்காமல் அழுத்தியிருக்கிறோம். இத்தனைக்கும் நாம் வாழ்வது 1761இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கிய புதுச்சேரியில்.

இம்முறை விளையாட்டில் சோழர் ஒரு நாகரிகமாக வருகிறார்கள். அதைவிட எம்மை ஈர்த்தது, தலைவர்களுள் ஒருவராக இப்னு பதூதா வருவதுதான். அவர் எந்நாட்டையும் ஆண்டவர் அல்லர். தஞ்சாவில் பிறந்து, தில்லியிலும் மாலத்தீவிலும் காழியாக இருந்த மார்க்கச் சட்ட அறிஞர். 1340களில் அவர் நம் சோழமண்டலக் கரையில் இறங்கினார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன், திருமண வழியில் அவருக்கு உறவினர். அவரை வரவேற்று உபசரித்தவர். அந்தச் சுல்தான் போரில் சிறைப்பட்டவர்களை, பெண்களையும் குழந்தைகளையும்கூட, கொன்றதை இப்னு பதூதா நேரில் கண்டார். ஆள்பவர் முஸ்லிம், உறவினர், விருந்தளித்தவர் என்பதற்காக அவர் அதை மறைக்கவில்லை. பயண நூலில் வெளிப்படையாகக் கண்டித்தார். சுல்தான் விரைவில் இறந்ததை அக்கொடுமைக்கு இறைவன் தந்த தண்டனையாகவே கருதினார்.

அந்த மனிதரைத் தலைவராக்கிக்கொண்டு ஒரு பிள்ளை அழிக்கும் பொத்தானை அழுத்துவான். அவன் அறியாமல் செய்வான். அவனுக்கு யார் சொல்வது? கணினியை விற்றுவிட்ட தந்தை சொல்ல மாட்டார். அடுத்த தெரு நண்பன் வீட்டில் அவன் ஆடிக்கொண்டிருப்பான், கதவு சாத்தியிருக்கும்.

ஆகவே அந்தச் சகோதரரிடம், கணினியை மகன் அறையிலிருந்து கூடத்துக்கு மாற்றச் சொன்னோம். அஸருக்குப் பின் ஆடட்டும், மஃரிப் பாங்கு கேட்டதும் நிறுத்தட்டும். “நீங்களும் பக்கத்தில் அமருங்கள்” என்றோம். தமக்கு அதெல்லாம் விளங்காது என்றார். மகனிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளலாம் என்றோம். அவர் முழுமனதாக ஒப்பவில்லை என்பதை முகம் காட்டியது. பராஅத் இரவு அதே வாரத்தில் வந்தது, மார்ச் தொடக்கத்தில் ரமலான்; பிறை பார்த்தபின் பெருநாள் வரை கணினி மூடியிருக்க வேண்டும் என்று நாம் சேர்த்ததும் சற்றுத் தெளிந்தார். அந்த விதி எமக்கும் உண்டு.

சனிக்கிழமை பாடம் முடிந்ததும் அச்சிறுவனையும் தோழர்களையும் அமர்த்தி மதுரைச் செய்தியைச் சொல்வதென்று இருந்தோம். அவன் அதற்குள் எம்மிடம் ஒன்று கேட்டுவிட்டான்: “ஹஜ்ரத், இப்னு பதூதா தலைவராக இருந்துகொண்டு சோழராக ஆட முடியுமா?” இரண்டாம் யுகத்தில் முடியும் என்றோம். எமக்கு எப்படித் தெரியும் என்று அவன் வியந்து பார்த்தான்.